கோரைப் பாயும் ரத்தினக் கம்பளமும்

கார்த்திகைத் திங்களில் பஞ்சமி தீர்த்தம் நெருங்கிவிட்டால், திருச்சானூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். காஞ்சியிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் உற்றார் உறவினர் வந்து இறங்குவர். பரண்மேல் உறங்கிக் கிடந்த பாய்களும் ஜமக்காளங்களும் கீழிறங்கும். கூடத்தில் பதினைவர், தாழ்வாரத்தில் ஐவர், மொட்டை மாடியில் எண்ணிச் சொல்ல இயலாத சிறுவர் கூட்டம் என்று எல்லோரும் படுத்து எழுவர். வைகறையில் பத்ம சரோவரத்தில் நீராடப் புறப்படுமுன் அத்தனை விரிப்புகளும் சுருட்டப்பெற்றுச் சுவரோரம் சாய்ந்து நிற்கும். இரவெல்லாம் படுக்கையறையாக இருந்த கூடம் மீண்டும் கூடமாகிவிடும்.

இக்காட்சி இப்போது சிறிது சிறிதாக மாறிவருகின்றது. நம் காலனியில் புதிதாக எழும் வீடுகளில் முகம் பார்க்கும் அளவுக்கு வழுவழுப்பான ஓடுகளைப் பதிக்கின்றனர். அவ்வழுவழுப்பில் முதியோர் கால் இடறுவதும், குழந்தைகள் சறுக்கி விழுவதும் கண்டு, “வீட்டுக்குக் கம்பளம் ஒன்று வாங்க எண்ணுகிறோம், மிதிக்க இதமாக இருக்க வேண்டும், பேணுவதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும், எதை வாங்கலாம்?” என்று கேட்போர் பெருகிவிட்டனர். நம் சங்கக் கூடத்துக்கே சுவர் முதல் சுவர் வரை கம்பளம் ஒட்டிவிடலாம் என்று சென்ற ஆண்டு ஒரு பேச்சு எழுந்ததை உறுப்பினர் மறந்திருக்கமாட்டார்கள். கடைவீதியில் விலை கேட்குமுன் வரலாற்றை ஒருமுறை கேட்டுவிடுவது நன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் வாழும் இவ்வூர் தமிழர்க்குப் புதிய ஊர் அன்று. திருச்சோகினூர் என்று இதன் பெயரைப் பொறித்து நிற்கும் பழங் கல்வெட்டுகள் தமிழிலேயே உள்ளன. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பெறும் வரை, திருப்பதியும் வேலூரும் வந்தவாசியும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. வந்தவாசி என்றதும் கோரைப் பாய் நினைவுக்கு வராத தமிழர் உண்டோ? அங்காடியில் இன்று நாம் தெலுங்கில் ‘சாப’ என்று கேட்டு வாங்கும் பாய்க்கும் அந்த வந்தவாசிப் பாய்க்கும் உறவுமுறை மிக நெருக்கமானது.

பாயைப் போல நம் வெப்ப நாட்டுக்கு ஒத்த விரிப்பு வேறில்லை என்றே சொல்லலாம். கோரை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. சித்திரை வெயிலில் நாற்பது பாகைக்கு மேல் இவ்வூர் காயும்போது, கடப்பைக் கல் பாவிய தரையின் குளிர்ச்சியை உடம்புக்கு எட்டவிட்டு, கல்லின் வன்மையை மட்டும் தடுத்து நிற்பது கோரைப் பாய். ஒருவர் அமரத் தடுக்கு, விருந்துக்குப் பந்திப் பாய், உறங்குவதற்குப் படுக்கைப் பாய் என்று வேலைக்கு ஒரு பாய் வகுத்தனர் நம் முன்னோர். இக்கலையின் கொடுமுடி நெல்லைச் சீமையிலுள்ள பத்தமடை. பொருநை ஆற்றோரம் விளையும் கோரையைப் பசுமையாக இருக்கும்போதே அறுத்து, மெல்லிதாகக் கிழித்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து நெய்யும் அவ்வூர் இசுலாமியப் பெருமக்களின் கைத்திறத்தால், துணிபோல் மடியும் பாய் உருவாகின்றது. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்ற பெருமையும் அப்பாய்க்கு உண்டு.

கம்பளத்தின் கதையோ குளிர் நாட்டில் தொடங்குகின்றது. உலகில் இதுவரை கிடைத்துள்ள முடிச்சுக் கம்பளங்களுள் மிகப் பழமையானது, 1949ஆம் ஆண்டு இரசிய அறிஞர் ருதென்கோ என்பார் அல்தாய் மலைப் பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்ததாகும். பனிக்கட்டியினுள் உறைந்து கிடந்தமையால் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் அது அழியாதிருந்தது. ஒரு சதுர அங்குலத்துக்கு 200க்கு மேற்பட்ட முடிச்சுகள் அதில் உள்ளன. கூடாரமடித்து வாழும் மேய்ப்பர்க்கு உறைந்த தரையிலிருந்து உடம்பைக் காக்கும் கருவி அது. நிமிர்ந்து நிற்கும் கம்பளி இழைகளுக்கு இடையே காற்று சிறைப்படுகின்றது. சிறைப்பட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. கம்பளத்தின் இதம் என்று நாம் சொல்லும் அனைத்துக்கும் அடிப்படை இந்தக் காற்றுதான். குளிரில் நன்மை செய்யும் அதே காற்று கோடையில் என்ன செய்யும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நம் பக்கத்திலும் குளிர் அறியாத ஊர்களே எல்லாம் என்று கூற இயலாது. மலைமேட்டு நிலமாகிய பலமநேர், புங்கனூர்ப் பகுதிகளின் காற்றே வேறு. தக்காணத்து மேட்டு நிலங்களில் ஆடு வளர்க்கும் குறும்பர் குடியினர் கரிய முரட்டு மயிரை நூற்றுக் கம்பளி நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சியால் அதற்கு விறைப்பு ஏற்றுவர். மழையில் குடையாகவும், இரவில் போர்வையாகவும், களத்தில் விரிப்பாகவும் பயன்படும் பொருள் அது. அழகு குறைவுதான், ஆயினும் ஒரு மேய்ப்பனின் ஆயுட்காலத்துக்கு அது போதுமானது.

இனி, ரத்தினக் கம்பளத்துக்கு வருவோம். பாரசீகத்து முடிச்சு முறையை அக்பர் பேரரசர் ஆக்ராவிலும் லாகூரிலும் வேரூன்றச் செய்தார். தெற்கே அதே கலை கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடையிலுள்ள ஏலூரிலும், அதனை அடுத்த மசூலிப்பட்டினத்திலும் தழைத்தது. டச்சு வணிகக் குழுவில் பணியாற்றிச் சோழமண்டலக் கரையில் பல்லாண்டு வாழ்ந்த டேனியல் ஹாவர்ட் என்பார் 1693இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் ஏலூர்க் கம்பளங்களைக் குறிப்பிடுகின்றார். அவற்றை நெய்தோர் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர். வேற்று மண்ணில் குடியேறி, தம் கைத்தொழிலையும் தம்முடன் கொண்டுவந்து, அம்மண்ணுக்கே அதைப் பெருமையாக்கிவிட்ட அக்குடியினரை நினைக்குந்தோறும், நாமும் குடியேறியவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றவே செய்கின்றது. டச்சுக் கப்பல்கள் தக்காணத்துக் கம்பளங்களை ஜப்பான் வரை கொண்டு சென்றன. கியோட்டோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் கியோன் திருவிழாவில், தேர்களைச் சுற்றி அலங்காரமாகத் தொங்கவிடப்படும் பழம் விரிப்புகளுள் சில தக்காணத்தில் நெய்யப்பெற்றவை என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். காலில் மிதிக்க நெய்த பொருள் அங்கே தேரில் ஏறியிருக்கின்றது!

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்கு வாரங்கல்லிலிருந்து சென்ற பட்டுக் கம்பளம் ஒன்றில் சதுர அடிக்கு ஏறத்தாழ 12,000 முடிச்சுகள் இருந்தனவாம். கண்டோர் வியந்தனர், வியந்தோர் வாங்க விரும்பினர், வாங்க விரும்பியோர் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். கேடு தொடங்கியது அங்கேதான். 1880இல் இந்தியக் கைத்தொழில்கள் பற்றி நூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் ஆங்கிலேயரே இதனை மனம் நொந்து பதிவு செய்துள்ளார். மசூலிப்பட்டினத்துக் கம்பளம் இந்தியாவின் மிகச் சிறந்த கம்பளங்களுள் ஒன்றாக இருந்தது. ஆங்கில இறக்குமதியாளர் மலிவான மூலப்பொருள்களைத் தாமே கொடுத்து நெய்யச் சொன்னார்கள். பின்புறப் பாவுக்கு இங்கிலாந்துச் சணல் நூல் வந்து சேர்ந்தது. மரபு ஒருமுறை முறிந்தபின் ஒவ்வொரு கலப்படமாகப் புகுந்தது என்பது அவர் கூற்றின் சாரம். சாயத்திலும் இதே கதைதான். சோழமண்டலக் கரையின் சாயவேர் தந்த செந்நிறத்தை 1869க்குப் பின் ஆய்வுக்கூடத்துச் செயற்கைச் சாயம் துரத்தியது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியையும் துரத்தியது. போதாக்குறைக்கு அரசாங்கமே சிறைக் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்வித்து மலிவாக விற்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கலைஞர் வில்லியம் மாரிஸ் 1879ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். சிறையில் கூலி இல்லை. கூலி வாங்கும் நெசவாளி அதனோடு எங்ஙனம் போட்டியிடுவான்?

ஹென்றி ஹாரிஸ் என்பார் 1908இல் சென்னை அரசாங்கத்துக்காகத் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி ஒரு தனி நூல் எழுதினார். ஏலூர், தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டை, நம் பழைய வட ஆர்க்காட்டு வாலாஜாப்பேட்டை ஆகிய ஊர்களிலெல்லாம் கம்பளத் தறிகள் ஓடிய காலம் ஒன்று உண்டு. இன்று வாலாஜாப்பேட்டை என்றால் கம்பளம் என்று யார் நினைக்கின்றார்கள்? ஏலூரில் மட்டும் அத்தொழில் மெலிந்த நிலையிலேனும் தொடர்கின்றது. நம் தெலுங்கு நண்பர்கள் ‘ஏலூர் திவாச்சி’ என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிப்பதைக் கேட்டிருக்கிறோம்.

ஏலூர் தளர்ந்த அதே காலத்தில் தமிழகத்தில் பிறிதொன்று எழுந்தது. காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்து ஆலைத் துணியின் போட்டியால் நசுங்கிய ஜங்கமர் என்னும் நெசவுக் குடியினர், மெல்லிய துணியில் ஆலையை வெல்ல இயலாது என்றுணர்ந்து, தடித்த பருத்தி நூலுக்கு மாறினர். சிவப்பும் பச்சையும் நீலமும் கறுப்புமாக அகன்ற பட்டைகள் ஓடும் விரிப்பை நெய்தனர். அதுவே பவானி ஜமக்காளம். இதில் முடிச்சும் இல்லை, நிமிர்ந்து நிற்கும் இழையும் இல்லை. பாவும் ஊடையும் நெருக்கமாகப் பின்னிய தட்டையான நெசவு. குழித்தறியில் நெய்வர், அகன்ற விரிப்பாயின் இருவர் அருகருகே அமர்வர். ஓரத்தில் திருமண மண்டபத்தின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுத்தாகவே நெய்து தருவர். ஏற்றுமதியை நம்பி நெய்த கம்பளம் அயலார் விருப்பத்தால் உயர்ந்து அயலார் விருப்பத்தாலேயே வீழ்ந்தது. உள்ளூர்த் திருமணத்தையும் பந்தியையும் நாடகக் கொட்டகையையும் நம்பிய ஜமக்காளம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்று முழு மனத்தோடு எழுதவும் இயலவில்லை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது, விசைத்தறியில் நெய்யலாகாது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும் விசைத்தறிப் போலிகள் அதே பட்டை, அதே வண்ணத்தோடு பாதி விலைக்கு வந்து குவிகின்றன. நெசவாளர் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகின்றனர். பேர்ட்வுட் மசூலிப்பட்டினத்தில் கண்டதை இன்று பவானியில் நாம் காண்கிறோம். ஒரேயொரு வேறுபாடு, இம்முறை மலிவு கேட்பவர் இலண்டன் வணிகர் அல்லர், நாமே.

இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆலைக் கம்பளத்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டால்டன் நகரமாகும். அங்கே 1895இல் கேதரின் எவான்ஸ் என்னும் இளம்பெண் துணியில் நூலைக் குத்தி வெட்டிக் குஞ்சம்போல் நிமிரச் செய்து ஒரு படுக்கை விரிப்பை உருவாக்கினாள். அக்கைவேலை இயந்திரத்தில் ஏறி, 1950களில் நைலான் இழையும் சேர்ந்துகொள்ள, அறை முழுதும் ஒட்டும் கம்பளமாயிற்று. இதில் முடிச்சு இல்லை. அடித்துணியில் ஊசிகள் நூலைக் குத்திச் செல்லும். பின்புறம் ரப்பர்ப் பால் போன்ற பசையைத் தடவி மற்றொரு துணியை ஒட்டிவிடுவர். ‘டெக்ஸ்சர்’ என்று கடைக்காரர் சிறப்பித்துக் கூறும் வகையில் இழையை இறுக முறுக்கிச் சூடேற்றி அம்முறுக்கை நிலைநிறுத்துகின்றனர். இழைமுனைகள் பல திசையிலும் சாய்ந்து நிற்பதால் காலடித் தடம் தெரிவதில்லை. தூசியும் உடனே கண்ணில் படுவதில்லை. இதனையே பராமரிப்பு எளிது என்கின்றனர். அழுக்கைக் காட்டாமை வேறு, அழுக்கின்மை வேறு என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

1901இல் ஹியூபர்ட் பூத் என்னும் ஆங்கிலேயர் தூசி உறிஞ்சும் இயந்திரம் செய்தார். மறு ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களைத் தூய்மை செய்ய அதைத்தான் அழைத்தனர். மன்னர் கம்பளமாயினும் அதிலிருந்து தூசியை எடுக்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. 1964இல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்குக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்றே பெருங் காரணம் என்று கண்டனர். மனிதத் தோலின் உதிர்வை உண்டு, ஈரப்பதத்தில் செழிப்பது அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளில் அதற்கு இல்லாத வசதி யாது?

நாமே பட்டறிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்துக் கூடத்திலும் இத்தகைய கம்பளத்தை ஒட்டினோம். முதல் மூன்று திங்கள் பெருமை தாங்கவில்லை. வீட்டிலிருந்த முதியவர்க்கு இரவில் இழுப்பு மிகுந்தபோது, மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில் கம்பளம் உண்டா?” என்பதே. எடுத்துவிடலாமா என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில் 2021 நவம்பர் வந்தது. திருப்பதி நகரையே மூழ்கடித்த அப்பெருமழையில் சுவர்ணமுகி பெருக்கெடுத்து ஓடியதும், தாழ்ந்த தெருக்களில் வீட்டுக்குள் நீர் புகுந்ததும் இம்மலரைப் படிப்போர் பலர்க்கு நேரில் தெரிந்ததே. நீர் வடிந்தபின் பாயை மாடியில் காயப்போட்டோம். ஜமக்காளத்தைச் சேறு போகும் வரை நால்வர் பிடித்து அலசிக் கொடியில் போட்டோம். இரண்டு நாள் வெயிலில் அது எழுந்துவிட்டது. ஒட்டிய கம்பளத்தைக் கத்தியால் கீறிப் பாளம் பாளமாகப் பெயர்த்து வெளியே எறிய நேர்ந்தது. அந்நாற்றம் தை பிறந்தும் போகவில்லை.

ஆதலின் கம்பளமே வேண்டா என்பது நம் கருத்தன்று. வழுவழுத்த தரையில் முதியோர் விழுவது உண்மையான அச்சம். வாங்குவோர் ஒட்டாத கம்பளமாக, ஒருவர் சுருட்டித் தூக்கும் அளவுடையதாக வாங்குக. அடியில் வழுக்காத ரப்பர் வலை இட்டுக்கொள்க. அதுவன்றி விரித்தால் கம்பளமே ஆளைச் சறுக்கிவிடும். இழை குட்டையாகவும் நெருக்கமாகவும் இருத்தல் நலம். கடையிலேயே அதனை மடித்துப் பார்த்தால், இழைகளுக்கு நடுவே அடித்துணி பல்லிளிப்பது மட்டமான சரக்கு. புரட்டிப் பார்த்தால் பின்புறத்திலும் அதே சித்திரம் முடிச்சு முடிச்சாகத் தெரிவது கைமுடிச்சுக் கம்பளம். ஒட்டுத்துணி தெரிவது ஆலைச் சரக்கு. எந்த இழை என்ற ஐயம் எழுந்தால் ஒரு பிசிரை எரித்துப் பார்க்கலாம்: கம்பளி மயிர் தீய்ந்த நாற்றம் தரும், நைலான் உருகி மணியாகத் திரளும். கம்பளிக்கு அந்துப் பூச்சியின் தொல்லை உண்டு. நைலான் நெடுநாள் உழைக்கும். பாலிபுரொப்பிலீன் நீரை உறிஞ்சாது. ஆனால் நாற்காலிக் கால் பட்ட இடத்தில் நசுங்கியே கிடக்கும், எண்ணெய்க் கறையையும் எளிதில் விடாது. நம் வீடுகளில் எண்ணெய் சிந்தாத நாள் ஏது?

ஜமக்காளம் வாங்குவோர் கைத்தறி முத்திரை பார்த்து வாங்குக. முதல் முறை உப்புநீரில் தனியே அலசுக. சாயம் சிறிது இறங்கும், அஞ்ச வேண்டா. நனைந்தபின் அதன் கனம் வேறு, ஆகையால் துணைக்கு ஆளில்லாமல் துவைக்க முயலாதீர்கள். எந்த விரிப்பாயினும் வாயிலில் ஒரு தென்னைநார் மிதியடி கிடக்கட்டும். செருப்பை வெளியே விடும் நம் வழக்கம் எந்த இயந்திரமும் செய்யாத அளவு தூசியைத் தடுத்துவிடும்.

சங்கக் கூடத்துக் கம்பளப் பேச்சு அந்த மழைக் கதையைக் கேட்டவுடன் அடங்கிவிட்டது. ஆண்டு விழாவன்று மேடைக்கு முன் வழக்கம்போல நம் பழைய ஜமக்காளங்களே விரிக்கப்பெறும். அவற்றுள் பெரியதொன்றின் ஓரத்தில், சங்கத்தின் பெயர் நெய்த எழுத்துகளுக்கு அருகே, எலி கடித்த இடம் ஒன்று உள்ளது. முன்வரிசைக்கு வரும் தாய்மார்கள் தம் குழந்தைகளை அவ்விடத்தில் அமர்த்தி அதனை மறைத்துதவுமாறு விழாக் குழுவின் சார்பில் வேண்டிக்கொள்கிறோம்.